மாநகராட்சிப் பள்ளியில் வருஷம் முழுக்க என்னதான் நடக்கிறது?

கேள்வி, 11 ஜூன் 2023

பழைய வண்ணாரப்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பெண்ணை இரண்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தனியார் பள்ளியில் ஃபீஸ் கேட்டால் தலை சுற்றுகிறது, ஆனால் மாதம் தவறாமல் ஏதாவது நிகழ்ச்சி வைக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளியில் படிப்பு பரவாயில்லையாம், ஆக்டிவிட்டி என்று ஒன்றும் கிடையாதாம், சுதந்திர தினத்துக்கு மிட்டாய் கொடுப்பதோடு சரியாம். உண்மையா?

14 ஜூன் 2023

பாதி உண்மை. எனக்கு இதே ஏரியாவில் ஜெராக்ஸ் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியில் நாளைக்கு என்ன நிகழ்ச்சி என்று முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் கடைக்குத் தெரிந்துவிடும். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு ஒரு அம்மா குனிந்து உள்ளே வந்து, "அண்ணே, வேலு நாச்சியார் கலர்ல ஒண்ணு, பின்னாடி ஒட்ட அட்டை இருக்கா" என்று கேட்டால் நாளைக்கு மாறுவேடப் போட்டி என்று அர்த்தம். போன வருஷம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றுக்கு மட்டும் பதினொரு நிகழ்ச்சிக்குப் பிரிண்ட் போட்டேன். மாநகராட்சிப் பள்ளிக்கு மூன்று. மூன்றில் ஒன்று குடற்புழு மாத்திரை நோட்டீஸ்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு வரை தனியாரில்தான் இருந்தாள். மஞ்சள் நாள் என்று ஒன்று வைப்பார்கள், பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் உடுப்பில் வந்து மஞ்சள் பழம் தின்ன வேண்டும். அந்த ஒரு நாளைக்காக எம்.சி. ரோட்டில் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்து ஃபிராக் வாங்கினோம். அடுத்த மாதமே பச்சை நாள். போன வருஷம்தான் மாநகராட்சிக்கு மாற்றினோம், இப்போது மூன்றாம் வகுப்பு. வெயிலால் தள்ளிப்போட்டு இன்றைக்குத்தான் ஒன்று முதல் ஐந்து வரை திறந்தார்கள். முதல் பருவப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பலூன் இல்லை, வரவேற்பு வளைவு இல்லை. வாசலில் யாரும் அழவும் இல்லை. பாதிப் பிள்ளைகள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தானாக வந்துவிடுகிறார்கள்.

ஆக, கேட்டவருக்கு என் பதில்: ஆமாம், அங்கே நிகழ்ச்சி குறைவுதான்.

15 ஜூன் 2023

'அரசு தொடக்கப் பள்ளி' என்ற போர்டையே காணோமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 'சென்னை தொடக்கப் பள்ளி' என்று எழுதியிருக்கும், அதுதான் மாநகராட்சிப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை.

17 ஜூலை 2023

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள், 2006-லிருந்து. அதற்கு எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி. முந்தின நாள் கடைக்கு வந்த ஒரு அம்மாவுக்காக ஒன்றரைப் பக்கத்தில் உரை டைப் செய்து கொடுத்தேன். ஃபைல் அப்படியே கம்ப்யூட்டரில் கிடந்தது. அடுத்தவர் வந்தார், அதையே எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்தவருக்கும் அதையேதான். மூன்று ரூபாய்க்கு இரண்டு பக்கம், எனக்கு வேறு வேலை இருந்தது.

மேடையில் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரே உரையைப் பேசினார்கள். நான் ஒரு இடத்தில் 'கல்விக் கண் திறந்த' என்பதைக் 'கல்விக் கண் திரந்த' என்று தப்பாக அடித்திருந்தேன். பேச்சில் அது தெரியாது என்பது மட்டும்தான் ஆறுதல். ஐந்தாவது பிள்ளை வரும்போதே கீழே உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பு கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

பத்தாவதாக ஒரு பெண். உரையை மறந்துவிட்டு மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் முதல் வரியை எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. கடைசியில், "எங்க தாத்தா சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போனதே சோத்துக்குத்தானாம். காமராஜர் போட்டாராம். அப்புறம் அஞ்சாவதோட நின்னுட்டாராம். இப்ப மூட்டை தூக்குறாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு என் டைப்பிங்குக்கு.

அந்த ஃபைலை அழித்துவிட்டேன். இனிமேல் யாராவது பேச்சுக் கேட்டால் தாத்தாவிடம் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். ஒருவரும் கேட்பதாக இல்லை, பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

26 ஆகஸ்ட் 2023

ஜூனில் எழுதியதைத் திருத்துகிறேன். திருத்தச் சொன்னது என் மனைவி. அவள் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர், மாதம் ஒரு கூட்டத்துக்குப் போகிறவள். "பிரிண்ட் போட்டாத்தான் நிகழ்ச்சியா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் 6.04-க்குச் சந்திரயான் இறங்கியது. அன்று ராத்திரியும் மறுநாளும் தனியார் பள்ளிப் பெற்றோருக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் ராக்கெட் படம் போட்டேன், கலர், பத்து ரூபாய். மாநகராட்சிப் பள்ளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை போல என்று நினைத்தேன். வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்த மகள் சொன்னாள்: காலை வழிபாட்டில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி முற்றத்தை மூன்று சுற்று சுற்றி, நாலாவது சுற்றில் மெல்ல மெல்ல உட்கார்ந்து டஸ்டரைத் தரையில் வைத்தானாம். சாக்பீஸ் தூள் குப்பென்று கிளம்பியதாம், நிலா மண் என்று எல்லாரும் கத்தினார்களாம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று டீச்சர் சொன்னதும் ஒருத்தி எழுந்து, "எங்க சித்தியும் விழுப்புரம்தான் மிஸ்" என்றாளாம். செலவு என்று பார்த்தால் ஒரு டஸ்டர்.

அப்புறம் நேற்று. காலை உணவுத் திட்டத்தைத் தமிழ்நாடு முழுக்க விரிவுபடுத்தினார்கள். வடசென்னையில் சில பள்ளிகளில் போன செப்டம்பரிலேயே வந்துவிட்டது, எங்களுக்கு நேற்றுதான். கிச்சடி. இதை நிகழ்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நான் வாதாடினேன். மனைவி சொன்னது: தினமும் பிரேயர் முடிந்து கேட் சாத்திய பிறகு வந்து வெளியே நிற்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் உண்டு, காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடும் அம்மாக்களின் பிள்ளைகள். நேற்று எட்டேகாலுக்கு முதல் ஆளாக வந்து தட்டோடு உட்கார்ந்திருந்தது அவர்கள்தானாம். சரி, சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு உள்ளூர்ப் பெருமை. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் முதன்முதலில் மதிய உணவு போட்டது பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாநகராட்சி. அவர் பெயரில் கல்லூரி இருப்பது எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது தி.நகர் ஜவுளிக்கடை.

9 செப்டம்பர் 2023

விளையாட்டு உண்டா என்று கேட்டவருக்கு: மைதானம் கிடையாது. கட்டிடத்துக்கும் மதிலுக்கும் நடுவே எல் வடிவில் ஒரு சந்து உண்டு. ஓட்டப்பந்தயம் அதில்தான். தண்ணீர்த் தொட்டி மூலையில் திரும்ப வேண்டும், நேராக ஓடத் தெரிந்தவன் தொட்டியில் மோதுவான். என் மகள் திரும்புவதில் கெட்டிக்காரி, நேர்ப்பாதையில் கடைசி.

மற்றபடி கேரம். இரண்டு போர்டு, ஒன்று டீச்சர் சொந்தக் காசில் வாங்கியது. வடசென்னையில் கேரமைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டாம், தெருவுக்குத் தெரு மன்றம் இருக்கிறது. அர்ஜுனா விருது வாங்கிய கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம் இந்தச் சென்னைக்காரர்தான், 1996-ல் கொடுத்தார்கள். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் விட்டதற்காக ஒரு வாரம் அழுதாள் மகள். வீட்டுக்கு வரும்போது பாவாடை முழுக்க போரிக் பவுடர்.

21 அக்டோபர் 2023

குறையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஆள் பிடிப்பதாக நினைப்பீர்கள் (ஒருவர் ஏற்கெனவே நினைத்துவிட்டார்).

ஐந்தாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்', அதாவது எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுக்கும் அரசுத் திட்டம். 2022 ஜூனில் செங்குன்றம் பக்கம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைத்தார்களே, அதுதான். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். வகுப்பில் கதைக்களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைக்கு ஒரு பெயர். கிழிந்த சாக்ஸில் பொத்தான் தைத்து ஒரு முதலை செய்திருக்கிறார்கள், அதன் வாய்க்குள் கைவிட்டுப் பேசும்போது மட்டும் என் மகள் ஆங்கிலம் பேசுகிறாள். கையை எடுத்தால் நின்றுவிடுகிறது.

ஆனால் மதிப்பீட்டை போனில் ஏற்ற வேண்டும். வருகைப்பதிவும் போனில்தான். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், டீச்சர் ஜன்னல் ஓரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். "மிஸ் டவருக்குக் காட்டுறாங்க" என்கிறாள் மகள். அந்த அரை மணி நேரம் வகுப்பு முதலையின் பொறுப்பில்.

இன்னொன்று. மகள் அரும்பில் இருந்தபோது இதெல்லாம் வெறும் பெயர் என்று பெருந்தன்மையாகப் பேசினேன். மொட்டுக்குப் போனதும் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

12 டிசம்பர் 2023

ரொம்ப நாள் எழுதவில்லை. மிக்ஜாம் புயல்.

3-ம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை. 4-ம் தேதி காலையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கடையிலும். மிஷினை முந்தின நாளே மேசைமேல் ஏற்றி வைத்திருந்தேன், தப்பித்தது. கீழே இருந்த பேப்பர் பண்டல் பதினாலும் ஊறி இட்லி மாவாகிவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. பள்ளிக்கூட மாடியைத் திறந்துவிட்டார்கள், நாங்கள் இரண்டு ராத்திரி அங்கே இருந்தோம். மகளின் வகுப்பறையிலேயே.

அவள் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே! தன் வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல. "ஆயா, அந்த மூலை கதைக்களம், அங்க படுத்துக்கோங்க. இந்தப் பக்கம் ஒழுகும்." மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதலையை வைத்துக் கூத்து நடத்தினாள். ஒரு பெரியவர், காசிமேட்டில் வலை பின்னுகிறவர், சாக்ஸ் பிரிந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஊசி எடுத்து முடிச்சுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். இப்போது அந்த முதலைக்குச் சுறா பிடிக்கும் முடிச்சு.

கரும்பலகை ஓரத்தில் எப்போதும் இருக்கும் கட்டம் தெரியுமில்லையா, பதிவு இவ்வளவு, வருகை இவ்வளவு என்று? கடைசியாகப் பள்ளி நடந்த நாளின் கணக்கு அப்படியே இருந்தது. பதிவு 27, வருகை 24. இரண்டாம் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது 24 அழிந்திருந்தது. வருகை 63. அறையில் படுத்திருந்தவர்களை எல்லாம் எண்ணியிருக்கிறாள், கைக்குழந்தை இரண்டையும் சேர்த்து. பதிவில் கை வைக்கவில்லை, அது டீச்சர்தான் மாற்றலாமாம்.

நேற்றுப் பள்ளி திறந்தது. டீச்சர் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பதிவைவிட வருகை ஜாஸ்தியா இருந்தா மேலேருந்து எனக்கு போன் வரும்டி" என்று சொல்லி அழித்துவிட்டு 19 என்று எழுதினாராம். மீதி எட்டுப் பேருக்குப் புத்தகப் பை காயவில்லை.

12 டிசம்பர் 2023, ராத்திரி

வேலை நாள் குறைந்துபோனதற்கு என்ன செய்வார்கள் என்று ஒருவர். கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம். மழைக்கு விட்டதைச் சனிக்கிழமைகளில் பிடித்துவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வையும் தள்ளிவிட்டார்கள். மகளுக்குச் சந்தோஷம்.

19 டிசம்பர் 2023

வகுப்பில் புதிதாக இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதல்லவா, படகும் வலையும் கருப்பாகிப்போய் அப்பாவுக்குத் தொழில் இல்லை, இங்கே அத்தை வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் கிடையாது. சாப்பாடு உண்டு. கேரத்தில் ஒருவன் என் மகளைத் தோற்கடித்துவிட்டான், அதனால் அவனைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது.

13 ஜனவரி 2024

சமத்துவப் பொங்கல். முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. ஈர விறகு, புகை. பானை பொங்கியது எந்தப் பக்கம் என்பதில் சத்துணவு ஆயாவுக்கும் பெரிய டீச்சருக்கும் கருத்து வேறுபாடு. சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் மிச்சமில்லை.

7 மார்ச் 2024

கடைசியில் நான் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு நிகழ்ச்சி. ஆண்டு விழா.

அழைப்பிதழ் நான்தான் அடித்தேன், 150 பிரதி, மஞ்சள் அட்டை. பள்ளிக்காக என்பதால் அட்டைக் காசு மட்டும் வாங்கினேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு விழா. பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கே மேக்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கரகாட்டம் எட்டுப் பேர், மயிலாட்டம் ஆறு பேர், ஒரு சிலம்பக் கோஷ்டி. டிரஸ் வாடகை 250 ரூபாய், அதைக் கட்ட முடியாத மூன்று பிள்ளைகள் சாதா யூனிஃபார்மில் திரை இழுக்கும் வேலைக்குப் போனார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்தது ஐந்தே முக்காலுக்கு. யார் என்று இங்கே வேண்டாம், எந்த விழாவுக்கும் அப்படித்தான் வருவாராம். அதன்பிறகு வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்த நாலு பேர், வாழ்த்துரை, பொன்னாடை, திரும்ப அவர்கள் இவர்களுக்குப் பொன்னாடை. மயில் ஒன்று நாற்காலியில் தோகையை மடக்கி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. உதட்டுச் சாயம் எல்லாம் கையில். ஏழே காலுக்கு ஆட்டம் ஆரம்பித்தபோது காசிமேட்டுக்காரர்கள் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள், அவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டியவர்கள். சிலம்பம் சுற்றிய பையனின் அப்பா சிலம்பத்தைப் பார்க்கவில்லை.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து விருந்தினரைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மகள் அழைப்பிதழை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். மறுபடி முன்பக்கம். "என் பேரு எங்கப்பா?"

பதினொரு பெயர் போட்டிருந்தேன். பதவி, பட்டம் எல்லாம் தடித்த எழுத்தில். பிள்ளைகளுக்கு 'மாணவ மாணவியரின் கலை நிகழ்ச்சிகள்' என்று கீழே ஒரு வரி, அதுவும் இடம் பத்தாமல் எழுத்தைச் சின்னதாக்கினேன். பின்பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. பிரிண்ட் செலவு என் தலையில் என்று ஆனபிறகு, நாற்பது பேர் பெயரை அதில் போட எனக்கு என்ன கேடு? கொடுத்த காகிதத்தில் இருந்ததை அடித்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி ஒன்றும் பேசவில்லை, அது இன்னும் மோசம்.

8 மார்ச் 2024

கடையில் மிச்சம் ஐந்து அழைப்பிதழ் இருந்தது. பின்பக்கத்தில் ஆட்டத்துக்கு ஒரு தலைப்பு போட்டு எல்லாப் பெயரையும் அடித்தேன், திரை இழுத்த மூன்று பேரையும் சேர்த்து. ஒன்றைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். இனிஷியல் தப்பு என்று இரண்டு பேர் கடைக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். திருத்தி அடித்தேன்.

20 ஏப்ரல் 2024

நேற்றுத் தேர்தல். எங்களுக்கு வாக்குச்சாவடி மகளின் பள்ளிதான், அதுவும் அவளுடைய வகுப்பறை. புயலுக்கு அப்புறம் இப்போதுதான் உள்ளே போகிறேன். சுவர் முழுக்க பிள்ளைகள் வரைந்த படம், பாதிக்கு மேல் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். ஏன் என்று புரியாமல் நின்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்தான் சொன்னார்: மறைத்தது சூரியன், தாமரை, இரண்டு இலை வைத்த செடி, உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்த கை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இயற்கைக் காட்சி என்று எதை வரைந்தாலும் அதில் ஒரு கட்சி வந்துவிடுகிறது. முதலை மட்டும் ஆணியில் தைரியமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் கட்சியும் இல்லை.

27 ஏப்ரல் 2024

போன ஜூனில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தனியாரில் சேர்த்தாராம், வருஷத்தில் பன்னிரண்டு நிகழ்ச்சி, உடுப்புக்கு மட்டும் ஆறாயிரம் ஆகியிருக்கிறது. இப்போது மாற்றலாமா, டி.சி. கொடுக்க இழுத்தடிக்கிறார்கள் என்கிறார்.

டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 5-ம் பிரிவு. அதை ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், காட்ட வேண்டியிருக்காது. சேர்க்கை மார்ச்சிலிருந்தே நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, எல்லாம் இரண்டு இரண்டு ஜெராக்ஸ். போட்டோ நாலு. கேரம் தெரியுமா என்று என் மகள் கேட்கச் சொன்னாள்.